முருங்கைக்கு ஜப்பானியர் வைத்த பெயர்

கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள் வாங்கி வந்த சுஷிப் பெட்டியின் மூலையில் சுண்டைக்காய் அளவில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. அம்மா அதை ஆட்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முதல் இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார், மூக்கைப் பொத்தினார், உச்சந்தலையில் தட்டிக்கொண்டார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. "இது மொளகா காரம் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பின்னால கால்வா கட்டுறப்ப நம்ம முருங்கைய வேரோட வெட்டுனாங்கல்ல, அந்த வேரு வாசம்" என்றார்.

அம்மா காப்பார் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவர். வசாபி அவர் வாயில் இன்றைக்கும் 'வசாப்பி'தான். ஆனால் அந்த மூக்கு பொய் சொல்லவில்லை. அதைச் சரிபார்க்கப் போய்த்தான் ஒரு மாதமாக அகராதிகளுக்குள் கிடக்கிறேன்.

முதலில் அந்தச் சுவைக்கே தமிழில் என்ன பெயர்? காரம் என்றால் நமக்கு மிளகாயும் மிளகும் நினைவுக்கு வரும். அது நாக்கைப் பிடிக்கும், போகாது. வசாபி நாக்கில் நிற்பதில்லை. ஆவியாகி மூக்குக்குத் தாவுகிறது. தமிழில் அதற்குச் சரியான சொல் 'நெடி'. கடுகு நெடி, தாளிப்பு நெடி என்கிறோமே, அதுதான். மிளகாயின் கேப்சைசின் எண்ணெய்ப் பசையுள்ளது. வாயை விட்டு எளிதில் விலகாது. வசாபியின் அல்லைல் ஐசோதயோசயனேட் காற்றில் பறக்கும் பொருள். நாலு மூச்சு விட்டால் போய்விடும்.

கடுகிலும் இருப்பது இதே பொருள்தான். அப்படியானால் தினமும் கடுகு போடுகிற நம் வீட்டில் யாருக்கும் ஏன் மூக்கில் ஏறுவதில்லை? கடுகுக்குள் சினிகிரின் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. அரைத்தாலோ துருவினாலோ அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, நெடி பிறக்கிறது. நாம் முழுக் கடுகைக் கொதிக்கிற எண்ணெயில் போடுகிறோம். கலப்பதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. கடுகின் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் சாம்பாரில் விடுகிறோம் என்று சொல்லலாம். ஆந்திரத்து ஆவக்காய் அப்படியல்ல. கடுகைப் பச்சையாகப் பொடித்துப் போடுவதால் ஜாடியைத் திறந்ததுமே முகத்தில் அறையும்.

ஜப்பானியர் வசாபியின் தண்டை, சுறாத்தோல் ஒட்டிய பலகையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பதும் அந்த அறைகளை உடைக்கத்தான். தேய்த்துக் கால் மணி நேரம் போனால் வீரியம் இறங்கத் தொடங்கும். அதனால் நல்ல கடைகளில் கண்முன்னே தேய்த்துத் தருவார்கள். அந்தச் செடிக்குக் குளிர்ந்த ஓடைநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தண்டு தேற ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும். கிள்ளான் வெயிலுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே மலிவாகக் கிடைக்கிற குழாய்ப் பசையின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், பெரும்பாலும் முதலில் நிற்பது வசாபி அல்ல, ஹார்ஸ்ரேடிஷ். கூடவே கடுகு, பச்சை நிறம்.

இங்கேதான் பெயர்க்கதை தொடங்குகிறது.

வசாபி என்ற சொல் பழையது. ஜப்பானின் பழைய தலைநகர் அசுக்காவில் தோண்டியெடுத்த 7ஆம் நூற்றாண்டு மரச்சீட்டு ஒன்றிலேயே அந்த ஒலி எழுதப்பட்டிருக்கிறது. 918இல் தொகுத்த 'ஹொன்ஸோ வாமியோ' என்ற மருந்துச் செடி அகராதியிலும் உண்டு. எழுதும்போது 'மலை', 'அவோய்' என்று இரண்டு சீன எழுத்துகளை எழுதிவிட்டு 'வசாபி' என்று வாசிப்பார்கள். அவோய் என்பது இதய வடிவ இலை கொண்ட செடி. தொக்குகாவா குலத்தின் சின்னமும் அதன் மூன்று இலைகள்தான். ஷிஸுவோக்காவின் உத்தோகி மலைக்காரர்கள் வசாபியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, இலை தன் சின்னத்தைப் போல இருப்பதைப் பார்த்து அக்குலத் தலைவர் இயெயாசு மகிழ்ந்துபோனார் என்பது அந்த ஊர்க் கதை. அரசர்களை இப்படி மகிழ்விக்கும் கதை இல்லாத பயிர் எந்த நாட்டில் இருக்கிறது?

ஹார்ஸ்ரேடிஷ் ஐரோப்பியக் கிழங்கு. 1597இல் வந்த ஜெரார்டின் மூலிகை நூலில் அந்தப் பெயர் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் குதிரை முள்ளங்கி. குதிரை அதைத் தின்பதில்லை. பெரியது, முரடானது என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் குதிரையை முன்னால் கட்டினார்கள். நமக்கு இது புதிதல்ல: ஆனைக்கற்றாழை, பேய்ப்புடல், நாய்க்கடுகு. நாம் ஆனை, பேய், நாய் மூன்றையும் வைத்துக்கொண்டு அளவையும் தரத்தையும் இன்னும் நுட்பமாகப் பிரித்தோம் என்பது என் கட்சி.

இந்த ஐரோப்பியக் கிழங்கு ஜப்பானுக்குப் போனபோது அங்கே 'செய்யோ வசாபி' ஆயிற்று, அதாவது மேல்நாட்டு வசாபி. பிறகு அசலை 'ஹொன் வசாபி', மெய் வசாபி, என்று அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. நகல் பெருகினால் அசலுக்கு அடைமொழி தேவைப்படுகிறது. நம் ஊரில் 'நாட்டுக்கோழி' வந்த கதைதான்.

இனி இந்தியாவுக்கு வருவோம். ரோஸ்ட் மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ரேடிஷ் இல்லாமல் தவித்த வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்தில் ஒரு மரம் அகப்பட்டது. அதன் இளவேரைச் சுரண்டினால் அதே நெடி. 'ஹார்ஸ்ரேடிஷ் மரம்' என்றார்கள். 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் பார்த்தால் வேடிக்கை புரியும்: வங்காளத்து ஆங்கிலேயனுக்கு அது ஹார்ஸ்ரேடிஷ் மரம், சென்னை மாகாணத்து ஆங்கிலேயனுக்கு அதன் காய் 'டிரம்ஸ்டிக்', முரசடிக்கும் குச்சி. ஒருவன் வேரைப் பார்த்தான், ஒருவன் காயைப் பார்த்தான். சென்னைக்காரன் சாம்பார் சாப்பிட்டிருப்பான் போலிருக்கிறது.

ஜப்பானியர் அந்த மரத்தை என்ன சொல்கிறார்கள் என்று தேடியபோதுதான் அம்மா சொன்னது சுற்றிவந்து என் முன் நின்றது. 'வசாபி நோ கி'. வசாபி மரம். ஹார்ஸ்ரேடிஷ் அவர்களுக்கு வசாபி வகை. ஆகவே ஹார்ஸ்ரேடிஷ் மரம் வசாபி மரமாக மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படி வந்திருந்தாலும், நம் வீட்டுப் பின்கட்டில் கால்வாய்க்காக வெட்டிய முருங்கை ஜப்பானிய அகராதியில் வசாபி மரம்தான். அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

நமக்கோ வேர் ஒரு பொருட்டே இல்லை. வைத்தியத்துக்கு எடுப்பார்கள், சமையலுக்கு யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. வேர்ப்பட்டையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டு. தின்ன வேண்டாம் என்றுதான் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தமிழன் பெயர் வைத்தபோது வேரையும் பார்க்கவில்லை, காயையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். 'முருங்குதல்' என்று ஒரு பழைய வினை இருக்கிறது. முறிதல், சிதைதல் என்று பொருள். கிளையில் கால் வைத்தவனுக்குப் பெயர்க்காரணம் உடனே விளங்கும். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்ற பழமொழி அதே குணத்தைச் சொல்வதுதான். இந்தச் சொல்வேரை எல்லாரும் ஒப்ப வேண்டும் என்று நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். ஆனால் மலையாளத்தில் முரிங்ங, தெலுங்கில் முனக, கன்னடத்தில் நுக்கெ என்று ஓடும் குடும்பத்துக்கு நடுவில் நம் வினை பொருந்தி உட்காருகிறது. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே பாலைக்காட்டில் முருங்கையின் வெள்ளைப் பூ காற்றில் உதிர்கிறது. காய் அங்கே இல்லை, சாம்பாரும் இல்லை.

அந்தப் பெயர் இரண்டு வழியில் கப்பலேறியது. மேற்கே போனது ஒன்று. கொச்சியில் டச்சுத் தளபதி வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' ஆறாம் தொகுதியில், 1686இல், 'மௌரிங்கு' என்று அச்சேறியது. இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொல்லச் சொல்ல எழுதிய நூல் அது. லின்னேயஸ் 1753இல் 'மொரிங்கா' என்பதை இனப் பெயராக எடுத்துக்கொண்டார். 1763இல் அடான்சன் அதைப் பேரினத்தின் பெயராக்கினார். 1785இல் லமார்க் 'ஒலெய்ஃபெரா', எண்ணெய் தருவது, என்று பின்னொட்டு வைத்தார். விதை எண்ணெய் அவ்வளவு பெயர் பெற்றிருந்தது. அது எளிதில் சிக்குப் பிடிக்காது என்று கடிகாரக்காரர்கள் சக்கரங்களுக்குப் போட்டார்கள். ஆக வேர், காய், எண்ணெய் என்று ஆளுக்கொரு பெயர்.

கிழக்கே போனது மற்றொன்று. மலாயில் 'மெருங்காய்', 'ரெமுங்காய்', 'கெமுங்காய்' என்று மூன்று நான்கு உருவங்கள் கிடைக்கின்றன. கப்பல் 'காப்பல்' ஆகவும், கட்டில் 'காத்தில்' ஆகவும், மாம்பழம் 'மெம்பெலாம்' ஆகவும் ஏறிய அதே துறைமுகத்தில்தான் முருங்கையும் ஏறியது என்று காதே சொல்கிறது. மெருங்காய் ரெமுங்காய் ஆனதில் ம, ர இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. தசை சதையானது போல, விசிறி சிவிறியானது போல. நம் இலக்கணக்காரர் பார்த்தால் முகம் சுளிக்கமாட்டார். பிலிப்பைன்ஸில் அதே மரம் 'மலுங்காய்'. எங்கள் தாமானில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று அந்தச் சொல்லைச் சொல்லிக் கை நீட்டியபோது அம்மா மொழிபெயர்ப்பு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கொத்து ஒடித்துக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அவர்கள் அதைக் கோழிச் சாற்றில் போடுகிறார்கள். நாமும் கீரையாகக் கொடுக்கிறோம்.

ஆனால் பசாரில் மலாய்க்காரர் பலர் சொல்வது 'கெலோர்'. அது வேறு ஒலி, வேறு வழி. கெலோர் இலை பேய் பிசாசை ஓட்டும், மந்திரித்து உடம்பில் செருகிய சூசோக் ஊசியை முறிக்கும் என்ற நம்பிக்கை மலாய், ஜாவா மக்களிடம் உண்டு. நம் கதையிலோ வேதாளம் போய்க் குடியேறுவதே முருங்கை மரத்தில்தான். வடமொழிக் கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். அதை முருங்கைக்கு மாற்றியவர்கள் நாம். ஒரே மரத்தில் ஓர் இனம் பேயை ஏற்றி வைக்கிறது, பக்கத்து இனம் அதே இலையால் இறக்குகிறது. ஒரே தாமானில் குடியிருக்கத் தோதான ஏற்பாடு.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் முருங்கையை வேறொரு மரியாதையோடு நடத்துவார்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் காரம் என்று சொல்லமாட்டார்கள், உறைப்பு என்பார்கள். காயைத் தேங்காய்ப் பாலில் வெள்ளைக் கறியாக வைப்பார்கள், இலையை வறை பண்ணுவார்கள். நண்டுக் குழம்பு இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை தூவுவார்கள். அந்த இலை இல்லாத நண்டுக் குழம்பு எனக்குக் குளிக்காமல் கோயிலுக்குப் போனது போலத்தான்.

சத்து என்று பார்த்தால் இந்த இரண்டு வசாபிகளுக்கும் போட்டியே இல்லை. அமெரிக்க வேளாண்துறை அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை வசாபித் தண்டில் புரதம் 4.8 கிராம், கால்சியம் 128 மில்லிகிராம், வைட்டமின் சி 42 மில்லிகிராம். 100 கிராம் முருங்கையிலையில் புரதம் 9.4 கிராம், கால்சியம் 185 மில்லிகிராம், வைட்டமின் சி 52 மில்லிகிராம், இரும்பு 4 மில்லிகிராம். வசாபியை யார் 100 கிராம் தின்பது? ஐந்து கிராம் தாண்டினால் உயிர் போய் உயிர் வரும். ஐந்து கிராமில் வைட்டமின் சி இரண்டு மில்லிகிராம். அது சத்துக்கான பொருளல்ல. பச்சை மீனின் கவிச்சியை அடக்கவும், கிருமியைக் கொஞ்சம் தடுக்கவும் வைத்த காவலாள். முருங்கைக்கீரையோ ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் போகும், குழந்தைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் இருந்தால்.

முருங்கையிலும் கடுகு வகையறாவின் ஐசோதயோசயனேட்டுகள் உண்டு. இரண்டும் தாவரவியலில் ஒரே வரிசை. ஆனால் இலையிலும் விதையிலும் முக்கியமாக இருப்பதில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருப்பதால் அது பறக்காது, மூக்குக்கு வராது. வேரில் இருப்பது பறக்கும். அம்மாவின் மூக்கு பிடித்தது அதை.

இப்போது மேற்கே போன பெயர் திரும்பி வந்திருக்கிறது. மருந்துக் கடைகளில் 'மொரிங்கா' என்று பச்சைப் பொடி, மாத்திரை, தேநீர்ப் பை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அதை மாதாமாதம் வாங்குகிறார். அவர் வீட்டு முருங்கை மதில் தாண்டி அடுத்த வீட்டில் பூக்கொட்டுகிறது என்று தகராறும் நடக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்றேன். "இது வேற, இது இம்போர்ட்" என்றார்.

போன வாரம் பசார் மாலாமில் ஒரு சீனப் பாட்டி பனியன் அட்டையில் பேனாவால் பெயர் எழுதி வைத்து முருங்கைக்கொத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு வரியில் கெலோர். அதன் கீழே சீன எழுத்து இரண்டு. படிக்கச் சொல்லிக் கேட்டேன். "லா மூ" என்றார். லா என்றால் காரம், மூ என்றால் மரம். அந்தப் பெயரும் வசாபியின் பக்கம்தான். ஏன் காரம் என்று கேட்டதற்குத் தெரியாது என்று சிரித்தார். அவர் வீட்டில் முட்டை போட்டு சூப் வைப்பார்களாம், காரமே இருக்காதாம்.

அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. ஒரு கொத்தை எடுத்து, காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். படக்கென்று ஒடிந்தது. "இன்னிக்கு ஒடிச்சதுதான்" என்றார், பையை விரித்துக்கொண்டே.