பெயரில் இல்லாத ஊர்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுக்கொண்டு பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகக் கடலை நோக்கி இறங்குகிறது. இருபுறமும் சீமைக்கருவேலங்காடு, இடையிடையே கரிமூட்டப் புகை. கிழக்கே திருச்சுழிப் பக்கம் திரும்பினால், மழைக்காலத்தில் மட்டும் ஆறு என்று சொல்லத்தக்க குண்டாறு. இம்மண்ணில் நெசவு உண்டு. மல்லியும் மிளகாயும் மானாவாரியாக விளைவதும் உண்டு. ஆனால் வானம் பொய்த்த ஆண்டுகளில் இங்குள்ள இளைஞர் பலருக்குக் கைகொடுப்பது ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், நம் துறை வாசலில் ஓர் அம்மையார் வந்து நின்றார். திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கரிமூட்ட வேலை செய்பவர். அவருடைய மகன் நம்மிடம் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டுவரை படித்து நின்றுபோனவன். ஆக்டிங் டிரைவராகப் போன ஒரு பயணத்தில், வண்டிக்குள் கஞ்சாப் பொட்டலங்கள் இருந்ததாகக் கைதாகியிருந்தான். எடை இருபது கிலோவுக்குச் சற்றே கூடுதல். வழக்கறிஞர் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னாராம். "அவன் வண்டிதான் சார் ஓட்டுனான். யாரு சரக்கு, என்ன சரக்குன்னு கேக்கலையாம்" என்றார்.

அந்தக் 'கேக்கலையாம்' நம்மை நெடுநாள் விடவில்லை. சரக்குக்கு உரியவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன், சுமப்பவன் கேள்வி கேட்கக்கூடாது என்னும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? வரலாற்றைப் புரட்டினால், இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஓர் அரசாங்கமே என்பது தெரியவருகிறது.

வங்காளத்தில் அபின் வாணிபத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1773இல் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சீனப் பேரரசு அபினைத் தடை செய்திருந்தபடியால் கம்பெனி தன் கப்பலில் அதை ஏற்றவில்லை. கல்கத்தாவில் ஏலம் விட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டது. தனி வணிகர்கள் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சீனக் கரையில் கள்ளத்தனமாக இறக்கினார்கள். விளைவித்தவன் பீகார் உழவன், சுமந்தவன் மாலுமி, சீரழிந்தவன் சீனத்து ஏழை. கம்பெனியின் கணக்கேட்டில் இருந்ததோ வருவாய் என்னும் தூய சொல். 1839இல் சீன ஆணையர் லின் சீசூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதைத் தொடர்ந்து வந்ததே முதலாம் அபினிப் போர்.

அப்போரில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1841 மே மாத இறுதியில், காண்டன் நகருக்கு அருகே சான்யுவான்லி என்னுமிடத்தில், 37ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு பெருமழையில் தனித்துச் சிக்கிக்கொண்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஆத்திரமுற்ற கிராமத்து மக்கள் ஈட்டியும் கம்பும் ஏந்திச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னர் வந்த கடற்படை வீரர்களே அவர்களை மீட்டார்கள். யாருடைய சரக்குக்காக அங்கே நின்றோம் என்று அச்சிப்பாய்கள் கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தாலும் அது எந்த ஆவணத்தில் ஏறியிருக்கும்?

உள்நாட்டிலும் அரசே விற்பனையை ஆண்டது. 1878ஆம் ஆண்டின் அபின் சட்டம் தடைச்சட்டமன்று, உரிமச் சட்டம். கஞ்சாவைப் பற்றி ஆராய 1893இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் முடிவு கூறியது. 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. 1985 நவம்பரில்தான் இன்றுள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1984இல், கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது.

இனி, இரு நாடுகளுக்கும் நடுவிலுள்ள கடலைப் பார்ப்போம். 1914 முதல் 'போட் மெயில்' ஓடிற்று. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் அந்தப் போக்குவரத்தின் பொருளையே மாற்றின. நேற்றுவரை பயணியாக இருந்தவன் 'கள்ளத்தோணி' ஆனான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1974, 1976 ஒப்பந்தங்கள் நீரின்மேல் கோடு கிழித்தன. கோடு எங்கு விழுகிறதோ அங்கெல்லாம் அதைத் தாண்டுவதற்கு ஒரு கூலியும் பிறந்துவிடுகிறது. இலங்கை இறக்குமதியை முடக்கியபோது, 2020இல், நம் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டதைக் கண்டோமே! மங்கலப் பொருளே கடத்தல் பொருளாகுமானால், கஞ்சாவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

2009இல் ஈழப்போர் முடிந்து கடல் மறுபடி திறந்துகொண்ட பின்னர் இவ்வணிகம் பெருகிற்று. இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு இலங்கையில் வழங்கும் பெயர் 'கேரளக் கஞ்சா'. ஆனால் அதில் பெரும்பகுதி விளைவது கேரளத்தில் அன்று. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில். 2021இல் ஆந்திரக் காவல்துறை அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகளை அழித்தது; 2022 பிப்ரவரியில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சாவைத் தீயிட்டது. அம்மலைகளிலிருந்து புறப்படுவது இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளை அடைய வேண்டுமானால் தென்மாவட்டச் சாலைகளைத் தவிர வேறு வழி ஏது? விளையாத மாநிலத்தின் பெயர் சரக்குக்கு; விளைந்த மலை மறைந்துபோயிற்று; சுமந்து கடத்தும் வறண்ட நிலம் பெயரிலேயே இல்லை. முதல் தகவல் அறிக்கையில் மட்டும் அது தவறாமல் இடம்பெறுகிறது.

கடலுக்கு அப்பால் இது எவ்வகை வன்முறையோடு இணைகிறது என்பதைச் சில நிகழ்வுகளே காட்டும். 2021 மார்ச்சில், அரபிக்கடலில் மினிக்காய்க்கு அருகே இந்தியக் கடலோரக் காவல்படை மறித்த 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகில் சுமார் 300 கிலோ ஹெராயினோடு 5 ஏ.கே.47 துப்பாக்கிகளும் 1000 தோட்டாக்களும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், கொழும்புப் பாதாள உலகின் அங்கொட லொக்கா கோயம்புத்தூரில் வேறு பெயரில் வாழ்ந்து இறந்தான்; அவனது உடல் நம் மதுரையில் எரியூட்டப்பட்ட பிறகே அவன் யாரென்பது வெளிவந்தது. துபாயில் பிடிபட்டு நாடு கடத்தப்பட்ட மாகந்துரே மதூஷ், 2020 அக்டோபரில் காவலில் இருக்கும்போதே கொழும்பில் சுடப்பட்டு இறந்தான். 2025 பிப்ரவரி 19 அன்று கொழும்பு நீதிமன்றத்துக்குள் வழக்கறிஞர் உடையில் வந்த ஒருவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக்கொன்றான். துப்பாக்கி உள்ளே வந்தது, தாள் குடையப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள். புத்தகங்களோடு வாழும் நமக்கு இச்செய்தி தனியாக வலித்தது.

மெக்சிகோவில் 2006 இறுதியில் அரசு இராணுவத்தை இறக்கியது முதல் பாய்ந்த குருதியைப் படித்து, அது எங்கோ நடப்பது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் துபாயிலிருந்து ஆணையிடுபவனுக்கும், கொழும்பில் சுடுபவனுக்கும், பந்தல்குடி விலக்கில் தேநீர் குடித்துவிட்டு வண்டியெடுக்கும் ஓட்டுநருக்கும் இடையே அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணியை மட்டுமே தெரியும். தொழில் பாதுகாப்பாக நடப்பதே அந்த அறியாமையால்தான்.

சட்டம் அந்த அறியாமையை எளிதில் ஏற்பதில்லை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது 'வணிக அளவு', தண்டனை குறைந்தது 10 ஆண்டுகள், பிணையும் அரிது. அறிந்தே செய்தான் என்று நீதிமன்றம் கொள்ளும். அறியேன் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவனே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். சுமப்பவர் எல்லோரும் ஏதுமறியாதவர் என்று நாம் வாதிடவில்லை. வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூலி பேசும்போதே ஒருவனுக்கு ஐயம் எழத்தான் செய்யும். சரக்கு இவ்வழியே கடந்து மட்டும் போவதுமில்லை. சிறிது சிந்திவிட்டும் போகிறது. வகுப்பறையின் கடைசி வரிசையில் சிவந்த கண்களை நாமும் பார்க்கிறோம். எனினும், பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவிலிருந்து இன்றுவரை இலாபம் ஒரு கையிலும் சுமை வேறொரு கையிலுமாகவே இருந்துவருவதையும், ஆவணங்களில் சுமந்த கை மட்டுமே அகப்படுவதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

அந்த அம்மையாருக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தோம். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியபோது, அவன் உண்மையிலேயே அறிந்திருந்தானா என்ற கேள்வி கையில் கனத்தது. இன்றுவரை அதற்கு நம்மிடம் விடையில்லை. ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்து பிணையில் வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது.

இப்போது கரிமூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அண்மையில் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது வணக்கம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொன்னான். சரக்கு ஏற்றுமுன் ஒவ்வொரு முறையும் மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்கிறானாம். "அதனாலயே ரெண்டு முதலாளி வேலைக்கு வேண்டாம்னுட்டாங்க சார்" என்று சிரித்தான்.