சேமித்த சீரத்தில் ஆட்டுக்கொல்லி நோயின் வரலாறு

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் உறுதியானது 1987இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரில், செம்மறிகளிடம். புதுச்சேரியின் பாகூர் வட்டத்துக் கரையாம்புத்தூருக்கு அவ்வூர் வெகுதூரமில்லை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ஆட்டுமந்தைகள் ஊர்விட்டு ஊர் நகரும் பகுதி இது. மாநில எல்லை மந்தையை நிறுத்துவதில்லை.

காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாய்ப்புண், கழிச்சல் என்று இந்நோய் அப்படியே மாட்டின் வெக்கை நோயைப் போலிருக்கும். இரண்டின் வைரசுகளும் நெருங்கிய உறவுடையவை. அதனால் 1987க்கு முன் ஆடுகளிடம் வெக்கை என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் ஆட்டுக்கொல்லி என்ற ஐயம் எழுந்தது. இந்நோய் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. தென்னிந்தியாவில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே, ஒருவேளை அதற்கும் முன்பே, அது பரவலாக இருந்தது என்று 2002இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று முடிவு கூறியது.

இப்படிப்பட்ட ஐயங்களுக்கு விடை தேட உதவுவது சேமித்து வைத்த சீரம். கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரே சீரம். உறைகுளிரில் பல்லாண்டு கெடாது. நோயிலிருந்து தப்பிய ஆட்டின் சீரத்தில் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும். போட்டி எலிசா சோதனை, இரு வைரசுகளின் எதிர்ப்பொருள்களையும் பிரித்துக் காட்டும். ஆட்டின் பல்லை வைத்து வயது தெரிந்தால் காலமும் கிடைக்கும். தடுப்பூசி போடாத மந்தையில் எட்டுப் பல் முளைத்த மூத்த ஆடுகளிடம் எதிர்ப்பொருள் இருந்து, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தீர்ந்த பால்பல் குட்டிகளிடம் இல்லையென்றால், நோய் பெரும்பாலும் அக்குட்டிகள் பிறக்குமுன்பே வந்துபோயிருக்கும். மாதிரி எடுத்த நாள், ஊர், வயது, தடுப்பூசி விவரம் ஆகியவை குப்பியில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது.

வெக்கை ஒழிந்ததை மெய்ப்பித்ததிலும் சீரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தடுப்பூசியை நிறுத்தியபின் பிறந்த மாடுகளிடம் எதிர்ப்பொருள் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. 2006இல் இந்தியாவும், 2011இல் உலகமும் வெக்கை அற்றவையாக அறிவிக்கப்பட்டன. கால்நடை நோய்ப் பரவலை ஆயும் பெங்களூரின் நிவேதி (NIVEDI) நிறுவனத்தில் கால்நடைச் சீரக் களஞ்சியம் ஒன்று இன்றும் பேணப்படுகிறது.

அரசூரில் பிரித்தெடுத்த வைரசிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ஆனால் இன்று வழக்கத்திலுள்ள தடுப்பூசி தரும் எதிர்ப்பொருளையும் நோய் தருவதையும் சோதனையால் பிரிக்க முடியாது. ஆகவே, தடுப்பூசி பரவுமுன் எடுத்த சீரம் எந்த ஆய்வகத்தில் இருந்தாலும் அதை வீசிவிடக் கூடாது.