அவிழ்த்துக் கட்டிய படகுகள்

பழைய மரப்படகைப் புதுப்பிப்பது என்றால் உளுத்த பலகையை மாற்றி, ஓட்டையை அடைத்து, எண்ணெய் பூசி ஒரு கூடத்தில் நிறுத்திவைப்பது என்றே நினைக்கிறோம். ஸ்வீடனின் வாசா கப்பல் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது. 1628-இல் மூழ்கி 1961-இல் மேலே எடுக்கப்பட்ட அதன் மரம் உதிராமலிருக்க, ஆண்டுக்கணக்கில் இரசாயனக் கரைசலைப் பீய்ச்சினார்கள். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் நம் கரைக்கு இந்த வழி போதாது என்பேன். இங்கே ஓடிய படகுகள் அவிழ்த்துக் கட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் பழமை கட்டத் தெரிந்த கைகளில்தான் இருக்கிறது.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். இலேசான மரத்தில் செதுக்கிய தடிகளை வரிசை மாறாமல் அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கினால் அது கடலுக்குத் தயார். கரையேறியதும் அவிழ்த்துத் தடிகளை வெயிலில் காயப்போடுவார்கள்; நீர் ஊறிய தடி கனத்துப்போய் மரத்தை அமிழ்த்தும். ஒரு தடி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆகவே ஒரு கட்டுமரத்தின் வயதைக் கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. மசூலா படகில் நுட்பம் இன்னும் கூடுதல். பலகை விளிம்புகளில் துளையிட்டு, இரு பலகை சேரும் இடத்தில் நாரோ வைக்கோலோ வைத்து, அதையும் சேர்த்துத் தேங்காய் நார்க்கயிற்றால் தைப்பார்கள். உள்ளே விலாச்சட்டம் இருக்காது. சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தில் தரைதட்டினால், ஆணியடித்து விறைப்பாகக் கட்டிய படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையும்வரை, கப்பலில் வந்த ஆளுநரும் சரக்குப் பொதியும் இதில்தான் கரைசேர வேண்டியிருந்தது. பிறகும் கரைவலை வளைக்க அது உதவியது. உப்புநீரில் பலகைக்கு முன்பே கயிறு இற்றுவிடும் என்பதால், தையலைப் பிரித்து மறுபடி தைப்பது படகு வைத்திருப்பவரின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

மூலப் படகே மிஞ்சாவிட்டால் சான்று எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடல்மல்லையில், அதாவது மாமல்லபுரத்தில், செல்வமும் யானையும் ஏற்றிய கலங்களைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அவற்றின் ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை. அழிந்துபோன மரக் கட்டடங்களின் சாயலை அவ்வூரின் ஐந்து ரதங்கள் கல்லில் காத்துத் தந்திருக்கின்றன; கலங்களுக்கு அப்படியொரு பேறு வாய்க்கவில்லை. சாதவாகனர் காசிலுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பலோ விரல்நுனியளவு. இந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் 2025-இல் கடற்படையில் சேர்ந்த ‘கௌண்டின்யா’ பாய்மரக் கப்பலைப் பாருங்கள். பழைய உடலும் இல்லை, வரைபடமும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் அஜந்தா ஓவியம் ஒன்றுதான் ஆதாரம். மாதிரிச் சோதனைக்குச் சென்னை ஐஐடி துணைநின்றது. ஆயினும் பலகையோடு பலகையைக் கயிற்றால் தைக்கத் தெரிந்த கேரளத் தச்சர்கள் இல்லாதிருந்தால் அந்த ஓவியம் ஓவியமாகவே நின்றிருக்கும். உடல் அழிந்தாலும் தொழில் இருந்தால் கலத்தை மீட்கலாம். தொழில் அழிந்தபின், கூடத்தில் நிற்கும் கட்டுமரம் வடிவத்தைக் காட்டுமே தவிர, எந்தத் தடியை முதலில் இறுக்கினார்கள் என்று சொல்லாது.

இன்னொரு மறுப்பு கரையிலிருந்தே வரும்: ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபின் இதெல்லாம் எதற்கு? 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன, கட்டுமரங்கள் அருகின. பிழைப்புக்குத் தோதானதை மீனவர் தேர்ந்தெடுத்தார்கள்; பழைய பாடுகளுக்குத் திரும்பச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தொழிலுக்கு உதவாததைக் கற்றுக்கொடுக்கும் செலவையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது, அது அரசின் பொறுப்பு. அதற்கு முன்மாதிரி மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. சிற்பிகளின் கைவேலை வீட்டு வழக்காக மட்டும் சுருங்கிவிடாமலிருக்க, 1957 முதல் அங்கே அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இயங்குகிறது. படகு கட்டுபவர்களுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லை. கட்டவும் தைக்கவும் அறிந்த முதிய மீனவர்களைச் சம்பளத்தோடு ஆசிரியர்களாக அமர்த்தி, அந்தக் கல்லூரியிலேயே ஒரு படகுப் பிரிவைத் தமிழக அரசு தொடங்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.