கலந்தாலோசனையும் இசைவும்

பழங்குடியினர் நிலம் பற்றிய இந்தியச் சட்டங்களில் இவ்விரு சொற்களும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையையோ பஞ்சாயத்தையோ ‘கலந்தாலோசிக்க’ வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம். கேட்டபின் மறுப்பைப் புறந்தள்ளவும் அச்சொல்லில் இடமுண்டு. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டமோ ‘முன் இசைவு’ என வரைந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னரே, ஏப்ரல் 18 அன்று, ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் தொடர்பாகச் சமய, பண்பாட்டு உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என உச்ச நீதிமன்றம் பணித்தது. மலையை நியமராஜாவின் உறைவிடமாகப் போற்றும் டோங்ரியா கோந்தர் பேசுவது குவி என்னும் திராவிட மொழி. மாநில ஆட்சிமொழியோ ஒடியா. இத்தகைய இடத்தில் ‘கேட்டனர்’ என்பது ‘ஒப்பினர்’ எனப் பெயர்க்கப்படின் இழப்பு சொல்லளவில் நில்லாது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014 சனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.