சித்திரத்தை அசைத்த பெண்கள்

உத்தமபாளையத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அதில் இரண்டு கேள்விகள். வீட்டில் சின்னப் பையன் சதா டெலிவிஷனில் கார்ட்டூன் பார்க்கிறானாம். ஒருவரை ஒருவர் மொத்துவதும் வெடி வெடித்து முகம் கறுப்பதும் தவிர அதில் ஒன்றையும் காணோம். நல்லதாக ஒரு தொடர் இருந்தால் சொல்லுங்கள், ஐயா என்பது முதல் கேள்வி. அது சுலபம். இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

அந்த அம்மாளின் மூத்த பெண் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். கையில் பென்சில் கிடைத்தால் போதும், சுவரைக்கூட விடமாட்டாளாம். கார்ட்டூன் படம் எடுக்கும் கலையைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டுக்காரரோ, "ஆண்பிள்ளைகள் ராப்பகலாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை அது. பெண்களுக்கு அதில் என்ன இடம் இருக்கிறது?" என்று கேட்கிறாராம்.

அவர் கேட்டதில் குற்றமில்லை. படம் முடிந்ததும் வருகிற பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கேட்டிருப்பார். பழைய படமாக இருந்தால் அதில் பெண் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பட்டறையில் ஆள் இருப்பது வேறு அல்லவா? இந்தக் கலையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

இன்று நமக்குக் கிடைக்கிற முழுநீளக் கார்ட்டூன் படங்களில் மிகப் பழையது எது தெரியுமா? பலரும் வால்ட் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் என்பார்கள். அது 1937-இல் வந்தது. அதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பே, 1926-இல், ஜெர்மனியில் ஒரு பெண்மணி "இளவரசன் அகமதுவின் சாகசங்கள்" என்ற படத்தை எடுத்து முடித்திருந்தார். லாட்டே ரைனிகர் என்று பெயர். அர்ஜென்டினாவில் அதற்கும் முன்னால் எடுத்த படங்கள் உண்டு, அவை அழிந்துவிட்டன. ரைனிகரின் ஆயுதம் கத்தரிக்கோல். கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, கை கால் மூட்டுகளில் கம்பியால் இணைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்ட கண்ணாடி மேஜையில் கிடத்தி, ஒவ்வொரு தடவையும் இம்மியளவு நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார். மூன்று வருஷங்கள் பிடித்தன. நம் ஊர்த் தோற்பாவைக் கூத்துக்கு இது தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். நம்முடையது வண்ணத் தோல், அவருடையது கறுப்பு அட்டை, அவ்வளவுதான். ஆயிரத்தொரு இரவுகள் கதையை அதில் பார்க்கும்போது, பறக்கும் குதிரையைவிட அந்தப் பெண் உருவங்களின் விரல் நுனிகள்தான் என்னைக் கட்டிப்போட்டன. அப்படி வெட்ட ஒரு கை வேண்டுமே!

ஆக, பெண்களின் இடம் முதல் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. பிற்பாடுதான் அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள்.

எப்படி அனுப்பினார்கள் என்பதற்குத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் ஒரே ஆள் வரைய முடியாது. முக்கியமான நிலைகளை மட்டும் தலைமைச் சித்திரக்காரர் வரைவார். கையை ஓங்கியது ஒன்று, இறக்கியது ஒன்று. நடுவில் வர வேண்டியவற்றை வேறு சிலர் வரைந்து நிரப்புவார்கள். கோலத்தில் ஒருத்தி புள்ளி வைத்துவிட்டுப் போக, இன்னொருத்தி இழை இழுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அத்தனை படங்களையும் கண்ணாடி போன்ற தாளில் மையால் நகலெடுத்து, பின்பக்கத்தில் வர்ணம் பூச வேண்டும். கோடு மயிரிழை பிசகினால் திரையில் மூக்கு நடுங்கும். இந்தக் கடைசி வேலையை ஹாலிவுட்டில் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஸ்னோ ஒயிட் படத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மாதக் கணக்கில் குனிந்து உட்கார்ந்து லட்சக்கணக்கான தாள்களுக்கு மையும் வர்ணமும் இட்டார்கள். இளவரசியின் கன்னத்தில் ஒரு செம்மை ஓடுகிறதே, அது ஹெலன் ஆகர் என்ற பெண்ணின் கைவண்ணம். தாள் தாளாக அவர் தொட்டு வைத்தது. திரையில் போட்ட பட்டியலில் அவர்களில் யார் பெயரும் இல்லை.

1938-இல் அந்த ஸ்தாபனத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு வந்த பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. ஸ்னோ ஒயிட் படம் அச்சிட்ட அழகான தாள். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவரும் ஒரு பெண்தான். படைப்பு வேலையெல்லாம் இளைஞர்கள் செய்வது, பெண்களை அதற்குப் பயிற்றுவிப்பதில்லை, மை தீட்டுவதும் வர்ணம் பூசுவதும்தான் பெண்களுக்கு உண்டு என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து, 1942-இல், அதே ஸ்தாபனத்தின் பாம்பி படம் வந்தபோது ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் சித்திரக்காரர் பட்டியலில் ஏறியது. அவர் வரைந்தது மானும் முயலும் அல்ல; கடித்துக் குதற வருகிற வேட்டை நாய்க் கூட்டம். பெண்களால் மென்மையானதைத்தான் வரைய முடியும் என்று நினைத்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் போடிநாயக்கனூர் நினைவுக்கு வருகிறது. விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கி அடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறியும் கம்பம்மெட்டு ஏறியும் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை அந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. கீழே ஊருக்குள் காயைக் கொட்டி, பருமன் பார்த்து, பச்சை பார்த்து, வெடித்ததையும் வெளுத்ததையும் விலக்கித் தரம் பிரிக்கிறவர்களும் பெண்கள்தான். அந்தக் கண்ணும் விரலும் இல்லாவிட்டால் சரக்குக்கு விலை ஏது? மூட்டை கட்டிய பிறகு மேலே அச்சடிக்கிற பெயர் மட்டும் அவர்களுடையது அல்ல. கார்ட்டூன் உலகத்திலும் இதுவே நடந்தது. ஆகவே வாசகியின் கணவருக்கு நான் சொல்வது இதுதான்: இந்தத் தொழிலில் பெண்களுக்கு இடம் எப்போதும் இருந்தது. பெயர் எந்த வரியில் வந்தது, வந்ததா என்பதுதான் சண்டை.

நம் தேசத்துக்கு வருவோம். 1980-களின் பிற்பகுதியில் கோடைக்கானலில் டெலிவிஷன் கோபுரம் வந்த பிறகு, தேனியிலும் சின்னமனூரிலும் கம்பத்திலும் ஓட்டு வீட்டுக் கூரையெல்லாம் ஏரியல் முளைத்தது. எல்லாம் மலையைப் பார்த்தே திரும்பியிருந்தன. அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் அடிக்கடி ஒரு சின்னப் படம் காட்டுவார்கள். "ஏக் அநேக் அவுர் ஏக்தா" என்று பெயர். ஏழு நிமிஷம் இருக்கும். வலையில் அகப்பட்ட பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறந்துபோக, எலிகள் வந்து வலையை அறுத்துவிடும். பஞ்சதந்திரக் கதைதான். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் ஓர் அக்காள். ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாத குழந்தைகளும் அந்தப் பாட்டை ராகத்தோடு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். அர்த்தம் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். படம் தெரிந்தது, போதாதா?

1974-இல் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட அந்தப் படத்தை உருவாக்கியவர் விஜயா மூலே என்ற அம்மையார். சித்திரங்களுக்கு அசைவு கொடுத்தவர் பீம்சைன்; இசை வசந்த் தேசாய். விஜயா மூலே 1921-இல் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பாட்னாவில் குடித்தனம். 1946-இல் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்தில் லீட்ஸ் போய்ப் படித்தார். திரும்பி வந்து பிலிம் சொஸைட்டி இயக்கத்தில் சத்யஜித் ராயோடு சேர்ந்து உழைத்தார். 1975-இல் கிராமங்களுக்கு விண்கோள் வழியாக டெலிவிஷன் காட்டிய சோதனை நடந்ததே, அப்போது குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். 98 வயது வரை வாழ்ந்து 2019-இல் மறைந்தார். கோடிக்கணக்கான பேர் பாட்டை அறிவார்கள். அந்த அம்மாளின் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள்.

இன்னொரு சமாசாரம். அந்தப் பாட்டில் கேட்கிற குழந்தைக் குரல் யாருடையது? பிற்காலத்தில் சாதனா சர்கம் என்று பிரபலமான பாடகியுடையது. அப்போது அவருக்கு ஐந்தாறு வயது இருக்கும். அதே சாதனா சர்கம் "அழகி" படத்தில் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடி, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். மெட்டமைத்தவர் இளையராஜா, உத்தமபாளையத்துக்குப் பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர். எங்கோ மகாராஷ்டிரத்துக் குழந்தையின் குரல் கோடைக்கானல் கோபுரம் வழியாக ஒரு தடவை கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. மறுபடி அந்தப் பள்ளத்தாக்கின் சங்கீதம் அவருக்குத் தேசத்தின் மகுடத்தை வாங்கித் தந்தது. நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் "பொருத்தம் கொஞ்சம் அதிகம்" என்று வெட்டியிருப்பார்.

விஜயா மூலேக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. சௌந்தர்யா ரஜினிகாந்த் 2014-இல் தமிழிலேயே "கோச்சடையான்" எடுத்தார். நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து சித்திரத்துக்கு ஏற்றும் முறை. படம் என் மனசில் ஒட்டவில்லை. ஆனாலும் அத்தனை பெரிய வேலையை ஓர் இளம்பெண் தலையில் சுமந்தது சாதாரணமல்ல. கீதாஞ்சலி ராவ் என்பவர் ஓவியம் படித்துவிட்டு இந்த வித்தையைத் தாமே கற்றுக்கொண்டவர். 2006-இல் அவர் எடுத்த "பிரின்டட் ரெயின்போ" ஒரு கிழவியும் அவளுடைய பூனையும் தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து உலாவுகிற கதை. தீப்பெட்டிப் படம் என்றால் சிவகாசிப் பக்கத்தவர்களான நமக்குச் சொல்லவா வேண்டும்? கான் திரைப்பட விழாவில் அது பரிசு வாங்கியது. நீனா சப்னானி 2009-இல் எடுத்த "டாங்கோ போலே சே" இதற்கெல்லாம் மேலே ஒரு படி. கட்ச் பிரதேசத்துத் தையல்காரப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்தது, 2001-இன் பூகம்பம், எல்லாவற்றையும். அவர்கள் துணியில் போட்ட தையலே எழுந்து நடக்கிறது. நீனா சப்னானி அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவர். உத்தமபாளையத்துப் பெண் அந்த நிறுவனத்தின் நுழைவுப் பரீட்சையைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.

வேலை கஷ்டமானதுதான். அதையும் மறைக்கக் கூடாது. ஜப்பானில் ஓகுயாமா ரெய்கோ என்று ஒரு பெண்மணி இருந்தார். 1957-இல், பெயரைக் கேட்டுக் குழந்தைப் புத்தகம் போடுகிற கம்பெனி என்று எண்ணித்தான் தோயே ஸ்டுடியோவில் விண்ணப்பம் போட்டார் என்று சொல்வார்கள். உள்ளே போனால் நடுப்படம் வரைகிற வேலை. கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், பெண்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எழுதியும் எழுதாததுமான சட்டம். ஓகுயாமா கூட வேலை செய்த சித்திரக்காரர் கொதாபே யோய்ச்சியை 1963-இல் மணந்தார், குழந்தை பெற்றார், விலகவில்லை. தொழிற்சங்கம் பின்னால் நின்றது. மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனால் என்ன? தலைமைச் சித்திரக்காரராக உயர்ந்து, 1975-இல் "கடற்கன்னி" படத்துக்குச் சித்திர இயக்குநராகவே இருந்தார். 2007-இல் காலமானார். அவரை முன்மாதிரியாக வைத்து 2019-இல் ஜப்பானிய அரசு சார்ந்த டெலிவிஷன் ஒரு காலைத் தொடரையே ஒளிபரப்பியது.

அந்தக் கொதாபே வடிவமைத்த கதாநாயகிதான் நான் சிபாரிசு செய்யும் தொடரில் வருகிறாள். "ஹைடி". ஸ்விட்ஸர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரி 1880-இல் எழுதிய கதை. 1974-இல், ஆமாம், நம்முடைய ஏக் அநேக் வந்த அதே வருஷம், தகாஹதா இஸாவோ டைரக்ட் செய்தார். மியாஸாகி ஹயாவோ ஒவ்வொரு காட்சிக்கும் இட அமைப்பை வரைந்தார். முந்தின வருஷம் இவர்கள் நேரே ஆல்ப்ஸ் மலைக்குப் போய், வீடு எப்படி, புல் எப்படி, ஆட்டின் மணி எப்படி என்று பார்த்துவிட்டு வந்து வரைந்தார்கள். கார்ட்டூனுக்காக இவ்வளவா என்று அப்போது சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

கதை இவ்வளவுதான். தாய் தகப்பன் இல்லாத ஐந்து வயதுச் சிறுமியைச் சித்தி மலைமேல் தனியாக வாழும் முசுட்டுத் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். ஏற்றத்தில் புழுக்கம் தாங்காமல் குழந்தை மேல் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஆட்டுக்காரப் பையன் பீட்டரோடு ஓட்டமாக ஓடுகிறாள். அங்கேயே நமக்கு அவள் சொந்தமாகிவிடுகிறாள். இரண்டு பக்கமும் மலை நிற்கிற கம்பம் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கிற பையனையும் சுருளிப் பக்கத்துக் காற்றையும் அறிந்த குழந்தைக்கு இந்தக் கதையில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. வில்லன் கிடையாது. மந்திரம் கிடையாது. நெருப்பில் பாலாடைக்கட்டி உருகுவதை ஒரு நிமிஷம் காட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு நாக்கில் ஜலம் ஊறும். நடுவில் ஹைடியைப் பிராங்க்பர்ட் நகரத்துக்கு அழைத்துப்போய், நடக்க முடியாத கிளாராவுக்குத் துணையாக வைக்கிறார்கள். பெரிய வீடு, நல்ல சாப்பாடு, கண்டிப்பான ஓர் அம்மாள். ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம். குழந்தை அழக்கூடாது என்று அடக்கி அடக்கி, ராத்திரியில் தூக்கத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறது. வெள்ளைச் சட்டையோடு மாடிப்படியில் அது இறங்கி வருகிற காட்சியைப் பார்த்துக் கண் கலங்காத பெரியவர்களை நான் சந்தித்ததில்லை.

மொத்தம் 52 பகுதிகள். ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக வருஷம் முழுவதும் காட்டினார்கள். உத்தமபாளையத்திலும் அப்படியே வாரத்துக்கு ஒன்றாகக் காட்டுவது நல்லது. ஒரே ராத்திரியில் பத்துப் பகுதிகளை விழுங்கினால், மலையில் பனி உருகிப் புல் தலைகாட்டுவதற்குக் காத்திருக்கிற சுகம் பையனுக்குக் கிடைக்காமல் போய்விடும். தகப்பனாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. தாத்தா வருகிற பகுதிகள் அவருக்குப் பிடிக்கும்.