கோபுரம் போட்ட வெள்ளிக்காசு

ராயபுரத்துக்காரர்கள் ‘மின்ட்’ என்று சொல்வது பஸ் ஸ்டாண்டை. அந்தப் பெயருக்குக் காரணமான நாணயச்சாலையை நினைப்பவர் குறைவு. காசு அடிக்கும் உரிமையை, இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் 1639-இலேயே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்துவிட்டார். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் காசு அடித்தார்கள்.

அன்றைய கணக்கு இப்படி: ஒரு தங்க வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 செப்புக்காசு. ஆனால் தங்கத்துக்கும் செம்புக்கும் சந்தை விலை ஏறி இறங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் காசு மாற்றித் தரும் சராப்புக்கு வட்டம் கிடைக்கும், கூலிக்காரனுக்கு நஷ்டம். நல்ல சில்லறை வேண்டுமென்று கும்பினி பர்மிங்காமுக்குச் சொல்லியனுப்பியது. அங்கே ஆலை வைத்திருந்த மேத்யூ போல்டனின் நீராவி எந்திரங்கள் 1803-இல் இருபது காசு நாணயத்தை அச்சுப் பிசகாமல் அடித்துத் தள்ளின. ஒரு பக்கம் கும்பினியின் சிங்கங்களும் லத்தீன் வாசகமும், மறுபக்கம் பாரசீகம். மருந்துக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. அப்படிச் செப்புக்காசு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மணல் திட்டில் மோதி மூழ்கியது.

இதே காலத்தில் சென்னையிலேயே பிறந்தது வேறொரு காசு. மெக்சிகோ சுரங்கத்து வெள்ளி, ஸ்பானிய டாலராகக் கப்பலேறி இங்கே வந்து அரை வராகனாக மாறியது. முகப்பில் அடுக்கடுக்காய் எழும் கோபுரம், இருபுறமும் நட்சத்திரங்கள், பின்புறம் பெருமாள். மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில். ராஜாவின் முகம் எங்கும் இல்லை.

பக்தியால் வந்த கோபுரம் அல்ல இது. தங்க வராகனில் பெருமாளைப் பார்த்துப் பழகிய கை, முன்பின் தெரியாத வெள்ளியை வாங்க வேண்டுமே!

இந்த வித்தை ரோமானியருக்கும் தெரியும். அவர்களுக்குக் கீழிருந்த கிரேக்க ஊர்கள் தங்கள் வெண்கலச் சில்லறையைத் தாங்களே அடித்துக்கொண்டன. எபேசு நகரத்துக் காசில் ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் ஆர்ட்டெமிஸ் கோயில். அங்கே ஊர்த் தெய்வம் சில்லறையில் குடியிருந்தது. இங்கோ பெருமாள் வெள்ளிக்குப் போக, ஏழையின் செம்பில் சிங்கம் நின்றது. பங்கீடு தலைகீழ் என்றுதான் எனக்குப் படுகிறது.

1818-இல் ரூபாய் கணக்கு வந்து வராகனை ஓரங்கட்டியது. 1835-இல் கும்பினி ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாய். அதில் நான்காம் வில்லியத்தின் தலை. தங்கசாலையில் இருந்த நாணயச்சாலையும் 1869-இல் மூடப்பட்டது. பிற்பாடு அந்த வளாகத்துக்கு அரசு அச்சகம் குடிவந்தது.