குண்டின் எடையும் லூயிஸின் காற்றுத் துப்பாக்கியும்: பீமன் கூற்றை முன்வைத்து ஒரு மறு ஆய்வு

மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கரையைத் தொட்டுத் திரும்பிய பயணத்தில் (1803-1806) ஒரு காற்றுத் துப்பாக்கியும் உடன் போய் வந்தது. அதைச் செய்தவர் யார் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. பிலடெல்பியாவின் கருவிக் கைவினைஞர் ஐசையா லூக்கன்ஸ் என்பது பழைய கட்சி. ஆஸ்திரியப் படைக்காகப் பார்த்தலோமியோ ஜிராந்தோனி உருவாக்கிய தொடர்சுடு துப்பாக்கிகளுள் ஒன்று என்பது காற்றுத் துப்பாக்கி ஆய்வாளர் ராபர்ட் பீமனின் கட்சி. பீமன் அதோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் தம்மிடம் இருந்து, பின்னர் பென்சில்வேனியாவின் கார்லைலில் அமெரிக்கத் தரைப்படையிடம் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிதான் லூயிஸ் கையில் இருந்தது என்றும் எழுதினார். வகை பற்றிய அவர் முடிவை இக்கட்டுரை ஏற்கிறது. தனித் துப்பாக்கி பற்றிய முடிவை ஏற்கவில்லை. அவர் தம் வாதத்தைப் பழுதுபார்ப்புத் தடயங்களின் மேல் கட்டினார். குண்டின் எடை இன்னும் பெரிய சாட்சி, அதற்கு உரிய இடம் அங்கே கிடைக்கவில்லை என்பதே என் வாதம்.

பெருவிட்டக் காற்றுத் துப்பாக்கி தமிழ் வாசகருக்குப் பழக்கமான பொருள் அன்று. அவிநாசித் தேர், சிவன்மலைத் தேர் போன்ற திருவிழாக் கடைவீதிகளில் பலூன் சுடும் ஏர்கன் 4.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; அதன் பெல்லட் ஏறக்குறைய அரை கிராம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையோ 20 ஜூல் ஆற்றலையோ தாண்டினால் உரிமம் தேவை. எனவே ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, எந்த எடை பொருந்தும் என்று பார்த்துச் சுடும் பழக்கம் இங்கே வேர் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியின் வரலாறு 240 ஆண்டு பழையது. அதன் முதற்கட்டத்தை விளங்கிக்கொள்ளாமல் லூயிஸின் துப்பாக்கியை அடையாளம் காண முடியாது.

உருண்டைக் குண்டின் காலத்தில் எடையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. தூய ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். குழலின் விட்டத்தை முடிவு செய்துவிட்டால் குண்டின் எடையும் அப்போதே முடிவாகிவிடும். லூக்கன்ஸ் கட்சியினர் காட்டும் வர்ஜீனியா ராணுவக் கல்லூரித் துப்பாக்கியின் விட்டம் சுமார் .31 அங்குலம், அதற்கேற்ற உருண்டை 2.9 கிராம். ஜிராந்தோனியின் விட்டத்தை .46 அங்குலம் என்று கொண்டால் உருண்டை 9.5 கிராம். விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, எடையோ மூன்றேகால் மடங்கு ஆகிவிடுகிறது.

வெடிமருந்துத் துப்பாக்கியில் மருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றலாம். காற்றுக்கு அந்த வசதி இல்லை. கலத்தில் அடைத்த அழுத்தம்தான் அதன் எல்லை. ஜிராந்தோனியின் அடிக்கட்டையாகவே அமைந்த இரும்புக் கலம் கைப்பம்பால் சுமார் 1,500 அடி அடித்து நிரப்பப்பட்டது. அழுத்தம் ஏறக்குறைய 55 பார். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஓடும் கம்ப்ரஸர் தருவது 7, 8 பார்தான் என்பதை நினைத்தால் கலத்தின் தோல் வளையமும் இரும்பு ஓடும் எதைத் தாங்கின என்பது புரியும். இந்த 55 பார் .31 குழலில் குண்டின் பின்புறத்தை 27 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும்; .46 குழலில் 60 கிலோவால். சம நீளக் குழல்களில் சிறு குண்டு 22 விழுக்காடு வேகமாகப் போகும், ஆனால் அதன் ஆற்றல் பெரிய குண்டினதில் பாதிக்கும் குறைவு. அழுத்தத்துக்கும் குழல் நீளத்துக்கும் மேல்வரம்பு இருக்கும்போது வலிமையைக் கூட்ட ஒரே வழி விட்டத்தை அகலமாக்கி எடையை ஏற்றுவதுதான். போருக்காகச் செய்த ஜிராந்தோனி அந்த வழியையே எடுத்தார். கண்காட்சிக்கும் சிறுவேட்டைக்கும் செய்தவர்கள் சிறு விட்டத்தில் நின்றார்கள்.

இனி ஆவணத்துக்கு வருவோம். தாமஸ் ராட்னி டெலாவேர்காரர். மிசிசிப்பிப் பகுதியில் பதவி ஏற்கப் போகும் வழியில் 1803 செப்டம்பரில் ஒகையோ ஆற்றங்கரை ஊரான வீலிங்கில் லூயிஸின் படகைப் பார்த்தார். அவருடைய நாட்குறிப்பின் ஒரு பத்திதான் இந்த வழக்கின் முதன்மைச் சாட்சி. ஒருமுறை காற்று நிரப்பினால் 22 முறை சுடும் என்று லூயிஸ் காட்டியதாக எழுதுகிறார். பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். பன்னிரண்டு குண்டுகளை இட்டுச் சுட்டபோது முதல் சுடுதலிலேயே காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. மறுபடி நிரப்பியபோது இரண்டு முறை சுட்டது. ஓரளவு சரிசெய்த பின் ஏழு முறை. குண்டுகள் எல்லாம் ஒரே தடவையில் பக்கவாட்டுச் சிறுகுழாயில் இடப்படுவதையும், ஒவ்வொன்றாக அறைக்குள் விழுவதையும், விசையை இழுத்தால் ஒரு குண்டுக்குப் போதுமான காற்று மட்டும் வெளிப்படுவதையும் தெளிவாகச் சொல்கிறார். லூக்கன்ஸ் துப்பாக்கி ஒற்றைக்குண்டு வகை. இந்த வருணனைக்குள் அதை அடக்கவே முடியாது. பீமன் கட்சியின் அசைக்க முடியாத தூண் இதுதான்.

எனக்கு அப்பத்தியில் 22ஐ விட 12 முக்கியமாகப் படுகிறது. 22 என்பது லூயிஸ் சொல்லிக் கேட்டது. 12 ராட்னி தம் கண்ணால் கண்டது. லூயிஸ் பன்னிரண்டு குண்டுகளைத் துணிந்து இட்டார் என்றால், ஒரு குண்டுக்கு எவ்வளவு காற்று செலவாகும் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்க வேண்டும். .51 அங்குல விட்டம் என்றால் அதே நீளக் குழலை நிரப்ப .46ஐ விட 23 விழுக்காடு கூடுதல் காற்று வேண்டும். நூல்களில் ஜிராந்தோனியின் விட்டம் .46 என்றும் .51 என்றும் இருவகையாகக் காணப்படுகிறது. 22 சுடுதல் என்ற பெருமை உண்மையானால் குறைந்த விட்டமே பொருந்துகிறது. இது மெல்லிய சான்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விட்டத்தைப் பற்றி ராட்னி பத்தி ஏதாவது சொல்கிறது என்றால் இதைத்தான் சொல்கிறது; .51க்கு அதில் எந்த ஆதரவும் இல்லை.

லூயிஸின் சொந்த நாட்குறிப்பின் முதல் பதிவும் இத்துப்பாக்கியைப் பற்றியதே. பிட்ஸ்பர்க்கை விட்டுப் புறப்பட்ட அன்று புரூனோ தீவில் அவர் தாமே சுட்டுக் காட்டினார். பிறகு துப்பாக்கியை வாங்கிப் பார்த்த ஒருவர் கையில் அது தவறிச் சுட்டுவிட்டது. நாற்பது கஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்த குண்டு அவள் நெற்றிப்பொட்டையும் கீறியது. அவள் பிழைத்தாள். நாட்குறிப்பு ஆகஸ்ட் 30 என்கிறது, லூயிஸின் கடிதமோ 31இல் புறப்பட்டதாகச் சொல்கிறது. இந்த ஒருநாள் முரண் இன்றுவரை தீரவில்லை. காயத்தின் ஆழம் குண்டின் விட்டத்தில் கால்பங்கு என்ற குறிப்பு ஆசை காட்டும் சான்று. ஆனால் .31க்கு 2 மில்லிமீட்டர், .46க்கு 3 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது.

அதே பதிவில், தாம் சுட்டதைச் சொல்லுமிடத்தில், ஏழு என்ற எண்ணும் ஐம்பத்தைந்து கஜம் என்ற அளவும் இடையில் நிறுத்தற்குறி இல்லாமல் நிற்கின்றன. ஐம்பத்தைந்து கஜத்தில் ஏழு முறை சுட்டார் என்றும் படிக்கலாம். ஏழைம்பத்தைந்து, அதாவது 385 கஜத் தொலைவுக்குச் சுட்டார் என்றும் படிக்க இடம் உண்டு. குண்டின் வீழ்ச்சிக் கணக்கு இதைத் தீர்க்கிறது. 385 கஜம் என்பது 352 மீட்டர். ஓர் ஈய உருண்டை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தைச் சற்றும் இழக்காமல் பறந்தாலும் அவ்வளவு தூரம் போவதற்குள் 15 மீட்டர் தாழ்ந்துவிடும். காற்றின் தடையைச் சேர்த்தால் இன்னும் மோசம். பார்வைக்குறி வைத்து அத்தொலைவில் ஓரளவு வெற்றி என்று யாரும் எழுத முடியாது. ஐம்பது மீட்டரில் ஏழு குண்டுகள் என்பதே பாடம்.

இப்போது பீமனின் இரண்டாம் கூற்று. 1805 ஜூன் 10 அன்று ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் லூயிஸின் காற்றுத் துப்பாக்கிக்குப் புது மெயின் ஸ்பிரிங் செய்து போட்டதாக நாட்குறிப்பு சொல்கிறது. கார்லைல் துப்பாக்கியின் ஸ்பிரிங்கும் மூலப்பொருள் அன்று. லாடம் அடிப்போர் கை அரத்தை அடித்துச் செய்தது. பீமன் இவ்விரண்டையும் இணைத்து, ஷீல்ட்ஸின் கைவேலை இதுவே என்று முடிவுகட்டுகிறார். படிக்கும்போது மனம் அதை நம்ப விரும்புகிறது. ஆனால் அந்தக் காலத் துப்பாக்கிகளில் முதலில் முறிவது மெயின் ஸ்பிரிங்தான். தேய்ந்த அரம்தான் எந்த ஊர்க் கொல்லனுக்கும் எளிதில் கிடைத்த நல்ல எஃகு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துப் பட்டறைகளில் பழைய அரமும் லாரிப் பட்டையும் கத்தியாகவும் அரிவாளாகவும் மாறுவது இதே காரணத்தால்தான். ஆஸ்திரியாவில் முறிந்த ஸ்பிரிங்கை டிரோல் நாட்டுக் கொல்லனும் இப்படியே மாற்றியிருப்பான். ஒரு பொதுவான பழுது ஒரு தனித் துப்பாக்கியின் அங்க அடையாளம் ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7இல் பார்வைக்குறி இடம் பெயர்ந்ததை லூயிஸ் சரிசெய்த பதிவுக்கும் இதே விடைதான்.

லூக்கன்ஸ் இறந்த பின் 1847இல் அவர் உடைமைகளை ஏலம் விட்ட பட்டியலில், லூயிஸும் கிளார்க்கும் பயன்படுத்திய பெரிய காற்றுத் துப்பாக்கி என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. ராட்னி பத்தியின் முன்னால் இது செல்லாது என்று தள்ளிவிடுவது எளிது. நான் தள்ளமாட்டேன். பட்டியல் அதைப் பெரியது என்று தனித்துச் சொல்கிறது; .31 விட்டத்துக்கு அந்த அடைமொழி எதற்கு? பயணம் முடிந்தபின் ஜிராந்தோனி பிலடெல்பியாவுக்கு வந்து லூக்கன்ஸ் பட்டறையில் தங்கியிருந்தால் இரு சான்றும் ஒன்றோடொன்று மோதவில்லை. பட்டியலை வைத்து அவரையே செய்தவர் என்று கொள்வது மட்டும் பிழையாகும். இது என் ஊகம்.

மீண்டும் குண்டின் எடைக்கு வருவோம். ஜிராந்தோனியைப் படை கைவிட்ட ஆண்டு 1801 என்றும் 1815 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. எதையும் உறுதியாக ஏற்க முடியவில்லை. எடைத் தேர்வு விட்டத்திலிருந்து விடுபட்டது அதற்கும் பின்னால்தான். 1849இல் வந்த மினியே குண்டு நீள்வடிவத்தை நடைமுறையாக்கியது: ஒரே குழலில் குண்டை நீட்டினால் எடை ஏறும். ஆனால் நீண்ட குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்கக் குழலின் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதற்கு 1879இல் கணிதவியலர் கிரீன்ஹில் ஒரு சூத்திரம் தந்தார். இன்றைய .45 காற்றுத் துப்பாக்கிகள் 200 பாருக்கு மேல் அடைத்து, 150 முதல் 400 கிரெயின் வரை, அதாவது 10 முதல் 26 கிராம் வரை, வார்த்த குண்டுகளை எறிகின்றன. இவற்றில் கீழ்வரம்பு ஜிராந்தோனியின் உருண்டைக்கு வெகு அருகில் இருக்கிறது.

கார்லைல் துப்பாக்கியின் உரிமை பற்றிய வாதம் தீர வேண்டுமானால் ஸ்பிரிங்கை அல்ல, குண்டு வார்க்கும் அச்சைத் தேட வேண்டும். ஜிராந்தோனிகள் அச்சோடுதான் வழங்கப்பட்டன. பயணப் பொருள்களில் .46க்கு உரிய அச்சு ஒன்றோ, அந்த எடையில் வார்த்த உருண்டைகளோ முகாமிட்ட இடங்களில் கிடைத்தால் விட்டம் உறுதிப்படும். அதன் பிறகே கார்லைல் குழலை அளந்து ஒப்பிடுவதில் பொருள் உண்டு.